இடக்கரடக்கலும் ஒரு பாடத்தின் வரலாறும்

1

நன்னூல் பாடம் நடத்துகின்ற எவரும் அறிந்த தருணம் ஒன்று உண்டு. வழக்குகளைப் பற்றிய பகுதியில், இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்னும் இயல்பு வழக்கு மூன்றும் அமைதியாகக் கடந்துபோகும். தகுதி வழக்கின் முதல் வகையாகிய இடக்கரடக்கலுக்கு வந்து, 'கால் கழுவி வந்தான்' என்று உரைவழி வந்த எடுத்துக்காட்டைச் சொன்னதும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழும். முன்வரிசையில் சிலர் தலை குனிவர். அந்தச் சிரிப்பை ஓர் அதட்டலால் அடக்கிவிட்டு, மங்கலத்துக்கும் குழூஉக்குறிக்கும் விரைந்து நகர்வதுதான் ஆசிரியர் வழக்கம். நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே செய்து வந்திருக்கிறோம்.

சிரிப்பவர்கள் சிறு பிள்ளைகள் அல்லர், வாக்குரிமை பெற்றவர்கள். இன்னும் சில ஆண்டுகளில் மணம் முடித்துப் பிள்ளை பெறப்போகிறவர்கள். தம் உடலைப் பற்றிய ஒரு சொல்லின் நிழல் பட்டதும் சிரிப்பதும் குனிவதும் தவிர வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை என்றால், பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிக் கல்வி அவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தது என்னும் கேள்வி எழாமல் இராது. நமக்கும் பள்ளி அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாம் பத்தாம் வகுப்புப் படித்தபோது அறிவியல் புத்தகத்தில் இனப்பெருக்கம் பற்றிய பாடம் வந்த நாளில், ஆசிரியர் அதைப் புரட்டிவிட்டு, "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டிலும் எவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்த அனுபவம் நம் தலைமுறையில் பலருக்கும் பொது.

ஆயினும் இடக்கரடக்கல் என்னும் இலக்கணம் சொல்வது அதுவன்று. அவையில் சொல்லத் தகாதவற்றைத் தொல்காப்பியர் அவையல் கிளவி என்கிறார். அதை மறைத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் விதி. மறைத்தல் எப்படி என்பதைத்தான் உரையாசிரியர்கள் விரித்துப் பேசினர். அவ்விதியின் முடிவுச்சொல் சொல்லுதல் என்பதை நாம் கவனிப்பதில்லை. சொல்லியாக வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைக் கேட்போர் கூசாமல் சொல்லும் வழி இது என்பதே இலக்கணத்தின் கருத்து. சொல்லாமலே விட்டுவிடுவதற்கு இலக்கணத்தில் பெயரும் இல்லை, இடமும் இல்லை.

உடல், மனம், உறவு, பாதுகாப்பு ஆகியவற்றைப் பள்ளிப் பருவத்தின் படிநிலைகளுக்கேற்பக் கற்பிக்கும் ஒரு பாடத்தை இந்தியா ஏறத்தாழ அரை நூற்றாண்டாக முயன்றுகொண்டிருக்கிறது. இத்தனை முறை பெயர் மாறிய பள்ளிப் பாடம் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. அப்பெயர்களைப் பின்தொடர்ந்து சென்றால் அதன் வரலாறு கிடைக்கிறது. ஒவ்வொரு பெயரிலும் எது மறைக்கப்பட்டது, எது சொல்லப்பட்டது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2

பள்ளிக்குள் வருவதற்கு முன்பே இப்பொருள் நீதிமன்றத்துக்குள் சென்றுவிட்டது. 1877ஆம் ஆண்டு இலண்டனில் அன்னி பெசண்டும் சார்லஸ் பிராட்லாவும் கருத்தடை பற்றிய ஒரு சிறுநூலை மறுபதிப்பு செய்ததற்காக விசாரிக்கப்பட்டனர். அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நோல்டன் 1832இல் எழுதிய அந்நூலின் பெயர் 'தத்துவத்தின் கனிகள்'. ஆங்கிலத்திலும் மங்கல வழக்கு உண்டு என்பதற்கு இப்பெயரே சான்று. தண்டனை மேல்முறையீட்டில் சட்ட நுணுக்கம் ஒன்றைக் காட்டி நீக்கப்பட்டது. ஆனால் 1878இல் பெசண்ட் தம் மகளைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமையை இழந்தார். இத்தகைய கருத்துகளை வெளியிட்ட பெண்ணிடம் ஒரு சிறுமி வளர்வது தகாது என்று நீதிமன்றம் கருதியதும் அதற்கு ஒரு காரணம். பிற்காலத்தில் அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராகச் சென்னை அறிந்த பெசண்ட், அதற்கு முன்பே, 1891இல், மக்கள்தொகை பற்றித் தாம் எழுதிய நூலைத் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தார்.

பம்பாயில் ரகுநாத் தோண்டோ கார்வேயின் வரலாறு இதினும் தனிமையானது. விதவை மறுமணத்துக்கும் பெண் கல்விக்கும் உழைத்த தோண்டோ கேசவ் கார்வேயின் மகன் இவர், கணிதப் பேராசிரியர். குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரத்தின் பொருட்டுக் கல்லூரி வேலையை 1925இல் விட்டார். 1927 முதல் 1953இல் தாம் இறக்கும் வரை மராத்தியில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் மாத இதழை நடத்தினார். சமூக ஆரோக்கியம் என்பது அதன் பொருள். பெயர் மங்கலமாக இருந்தாலும் உள்ளே இருந்தவை நேர்ச்சொற்கள். வாசகர்கள் தம் உடலைப் பற்றியும் உறவுகளைப் பற்றியும் எழுதிக் கேட்ட ஐயங்களுக்கு அவர் ஒளிவின்றி விடையளித்தார். அவ்விடைகளே ஆபாசம் என்று வழக்காயின. 1934இல் நடந்த வழக்கில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது, அபராதம் விதிக்கப்பட்டது. இதழ் நிற்கவில்லை.

இந்திய மொழி ஒன்றில், வீட்டில் கேட்க முடியாத கேள்விகளைச் சாதாரண மனிதர்கள் அஞ்சலட்டையிலும் உறையிலும் எழுதி அனுப்பி விடை பெற்ற களமாக அவ்விதழ் இருந்தது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அக்கேள்விகள் எந்த மேலைநாட்டிலிருந்தும் இறக்குமதியானவை அல்ல. அவை ஏற்கெனவே இங்கு இருந்தன. அவற்றுக்கு முகவரிதான் இல்லாமலிருந்தது.

தமிழில் இப்பொருளை மேடையேற்றியவர் பெரியார். 1930களில் சுயமரியாதை இயக்கத்தார் கர்ப்பத்தடையைப் பற்றி வெளிப்படையாக எழுதினர். 'கர்ப்ப ஆட்சி' என்னும் பெயரில் நூலும் வெளிவந்தது. பிறர் தாயின் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் இதை ஆதரித்தபோது, பெண்ணின் விடுதலைக்காக ஆதரிப்பதாகப் பெரியார் தம் காரணத்தைப் பிரித்துக் காட்டினார். 'தடை' என்பது வேண்டாததை நிறுத்துவது. 'ஆட்சி' என்பது தன் உடல் மீது தனக்குள்ள அதிகாரம். ஆட்சி என்னும் அச்சொல் பின்னர் வழக்கிலிருந்து மறைந்துபோனது ஒரு தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

3

விடுதலைக்குப் பின் அரசு இப்பொருளை ஏற்றது. 1952இல் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கிய முதல் நாடு இந்தியா. தலைகீழான சிவப்பு முக்கோணம் ஊர்தோறும் சுவர்களில் ஏறியது. ஆனால் தனிமனிதரின் ஐயங்கள் இருந்த இடத்தில் எண்ணிக்கை வந்து அமர்ந்தது. கார்வேயின் இதழுக்குக் கடிதம் எழுதியவர் ஒரு மனிதர். திட்டத்தின் கண்ணுக்கு அவர் இலக்கு ஒன்றின் பகுதி.

அதன் கொடுமுடி நெருக்கடிநிலைக் காலம். 1976-77ஆம் ஆண்டில் மட்டும் நாடெங்கும் நடந்த கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் 80 இலட்சத்தைத் தாண்டின. அவற்றில் வற்புறுத்தலால் நடந்தவை எத்தனையோ. 1977இல் ஆட்சி வீழ்ந்தது. வீழ்ச்சிக்கான காரணங்களில் இதுவும் ஒன்று. அதன்பின் துறையின் பெயர் 'குடும்பக் கட்டுப்பாடு' என்பதிலிருந்து 'குடும்ப நலம்' என்று மாறியது. துஞ்சினார் என்பதுபோல் இது தூய மங்கல வழக்கு. அஞ்சத்தக்க ஒன்று நடந்துவிட்ட வீட்டில் அதன் பெயரைச் சொல்லாதிருப்பது நம் மரபுதானே.

பள்ளிக்குள் இப்பொருள் நுழைந்தது இச்சூழலில்தான். ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் உதவியுடன் 1980இல் தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம், அதாவது என்.சி.இ.ஆர்.டி., அதை நடத்தியது. மக்கள் பெருக்கமும் உணவும் நிலமும் வேலையும் அதில் பேசப்பட்டன. நம் பள்ளிப் பருவத்துப் புத்தகங்களில் மக்கள்தொகைப் பெருக்கத்தின் தீமைகள் பற்றிய பாடமும், சிறு குடும்பத்தின் சிறப்பு பற்றிய கட்டுரைப் போட்டியும் இருந்தமைக்கு வேர் அதுவே. கோடிக்கணக்கான மக்கள் பிறப்பதைப் பற்றி ஒரு மாணவன் இரண்டு பக்கம் எழுதுவான். ஒருவர் எப்படிப் பிறக்கிறார் என்பதை மட்டும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

4

அடுத்த பெயர் மாற்றத்துக்குக் காரணம் ஒரு நோய். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் குருதி மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக அவ்வாறு தெரியவந்தது. 1992இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு உருவாயிற்று. 1994இல் தமிழ்நாட்டில் அதற்கெனத் தனிச் சங்கம் அமைந்தது. 2000களின் தொடக்கத்தில் தமிழகத் தெருக்களில் திடீரென்று தோன்றிய புள்ளிராஜா விளம்பரங்கள் பலருக்கு நினைவிருக்கலாம். யார் இந்தப் புள்ளிராஜா என்று ஊரே பேசியது. தேநீர்க் கடையில் பேசக் கூடியதாகிவிட்ட அப்பொருளை வகுப்பறையில் பேச மட்டும் இயலவில்லை.

என்.சி.இ.ஆர்.டி. 1993இல் நடத்திய தேசியக் கருத்தரங்கில் 'வளரிளம் பருவக் கல்வி' என்னும் பெயர் முன்வைக்கப்பட்டது. பாலியல் கல்வி என்ற பெயர் எதிர்ப்பைக் கிளப்பும் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்ட பெயர் அது. ஆயினும் முந்தைய பெயர்களைவிட மேலானது என்றே சொல்வோம். இந்தப் பாடத்தின் பெயரில் எண்ணிக்கையும் நோயும் இல்லாமல் மாணவரின் பருவம் இடம்பெற்றது அதுவே முதல் முறை. 2005இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் இணைந்து இதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கின. 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் ஆண்டுக்கு 16 மணி நேரம் கற்பிப்பது ஏற்பாடு. வளர்ச்சி, உணர்ச்சிகளைக் கையாளுதல், மறுத்துப் பேசும் திறன், நோய்த் தடுப்பு ஆகியன அதில் அடங்கின.

5

2007ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் நடுமுடிச்சு. அவ்வாண்டு மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், கர்நாடகம், குஜராத் உள்ளிட்ட பல மாநிலங்கள் அத்திட்டத்தை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தின. வகுப்பில் காட்டுவதற்காக அனுப்பப்பட்ட படத்தொகுப்பில் இருந்த உடற்கூற்றுப் படங்கள் எதிர்ப்பின் மையமாயின. இந்தியப் பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று அரசியல்வாதிகள் பேசினர். ஆசிரியர் அமைப்புகள் சிலவும் எதிர்த்தன.

எதிர்த்தவர்களைப் பழமைவாதிகள் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஓர் ஆசிரியராக நாம் அவ்வாறு செய்ய மாட்டோம். தம் வாழ்நாளில் அச்சொற்களை வாய்விட்டுச் சொல்லியிராத ஒருவர், குறுகிய பயிற்சியோடு, அறுபது பிள்ளைகள் அமர்ந்த வகுப்பில் அப்படங்களை விரித்துக் காட்ட வேண்டுமென்றால் அவர் நிலை என்ன? வகுப்பில் கூடப் பணிபுரிவோரின் கேலி, ஊரில் பெற்றோரின் கோபம், இரண்டையும் தாங்க வேண்டியவர் அவர்தான். ஆசிரியரைத் தயார் செய்யாமல் மாணவருக்குப் பாடம் அனுப்பிய பிழை திட்டம் வகுத்தவர்களுடையது. பெற்றோரிடம் முன்கூட்டிப் பேசாததும் அவ்வாறே. ஆனால் அப்பிழைக்கு விடை திருத்தமாக இருந்திருக்க வேண்டும். தடையாக வந்து முடிந்தது.

அதே 2007இல் மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் குழந்தைகள் மீதான கொடுமைகளைப் பற்றிய ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டறிந்த ஆய்வு அது. அவர்களில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு உட்பட்டதாகத் தெரிவித்தனர். கொடுமை செய்தோரில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பத்தக்க இடத்தில் இருந்தவர்கள். கொடுமைக்கு ஆளான பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை எவரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் நாம் நின்றுவிடுகிறோம். ஏன் சொல்லவில்லை? அச்சம் ஒரு காரணம். மிரட்டல் ஒரு காரணம். இவற்றோடு, சொல்வதற்குச் சொல் இல்லாமையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். தன் கையையும் காலையும் கண்ணையும் மூக்கையும் பெயர் சொல்லிக் காட்டக் கற்ற குழந்தைக்கு, உடலின் ஒரு பகுதிக்கு மட்டும் பெயர் தரப்படவில்லை. தரப்பட்டிருந்தால் வீட்டுக்கு வீடு வேறுபடும் மழலைப் பெயராகவோ தெருவில் வசையாகப் புழங்கும் சொல்லாகவோ இருந்திருக்கும். வசைச்சொல்லைச் சொன்னால் அடி விழும் என்பது குழந்தைக்குத் தெரியும். நேர்ந்ததைச் சொல்ல அது எந்தச் சொல்லை எடுக்கும்?

2009இல் வெங்கைய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு தன் அறிக்கையை அளித்தது. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது. பெரியோர்களின் வாழ்க்கை வரலாறுகள் கற்பிக்கப்பட வேண்டும். இது தொடர்பான அறிவியல் பகுதிகள் மேல்நிலை வகுப்பின் உயிரியலுக்கு மாற்றப்பட வேண்டும் என்பன அதன் கருத்துகள். பெரியோர் வரலாறுகளைக் கற்பிப்பதில் யாருக்கு மறுப்பு? ஆனால் மேல்நிலையில் உயிரியலைத் தேர்ந்தெடுப்போர் எத்தனை பேர்? வணிகவியலும் வரலாறும் படித்து வருவோர் பலர் நம் தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். தம் உடலைப் பற்றி அறிய மருத்துவராக விரும்புவோர்க்கு மட்டுமே உரிமை என்பதுபோல் அந்த ஏற்பாடு அமைந்தது.

அதே 2009இன் இறுதியில் யுனெஸ்கோ வெளியிட்ட பன்னாட்டு வழிகாட்டி, இக்கல்வியை ஐந்து வயதில் தொடங்கிப் பருவத்துக்கேற்ப நான்கு படிகளாகப் பகுத்தது. முதல் படியில் நட்பும் குடும்பமும் தன் உடல் தனக்குரியது என்னும் உணர்வும். அடுத்த படிகளில் பூப்பும் உடல் மாற்றமும். அதன் பின்னரே மற்றவை. ஐந்து வயதில் தொடங்குவது என்றதும் பதறுவோர் முதற்படியில் உள்ளது என்ன என்பதைப் பார்ப்பதில்லை. அரிச்சுவடி படிக்கும் பிள்ளைக்கு யாரும் யாப்பருங்கலக்காரிகை நடத்துவதில்லை.

இத்தனைக்கும் நடுவே ஜார்க்கண்டில் ஒரு விதிவிலக்கு இருந்தது. அங்கு இத்திட்டம் 'உடான்' என்னும் பெயரில் அரசுப் பள்ளிகளில் தொடர்ந்து நடந்தது. பறத்தல் என்பது அச்சொல்லின் பொருள். இதுவும் மறைத்துச் சொல்லும் பெயர்தான். ஆனால் பெயரால் மறைத்துவிட்டு உள்ளே சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். இடக்கரடக்கலின் உண்மையான இலக்கணம் அதுவே என்போம்.

6

2012இல் போக்சோ எனப்படும் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம் வந்தது. அச்சட்டத்தில் மொழி பயில்வோர் கவனிக்க வேண்டிய ஒரு விதி உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தை, குழந்தை சொன்னவாறே பதிவு செய்ய வேண்டும் என்பது அது. பெரியவர்கள் தம் நாகரிகச் சொற்களால் அதை மாற்றி எழுதலாகாது. நீதி இப்போது குழந்தையின் சொல்லை நம்பி நிற்கிறது. அச்சொல்லைக் கொடுக்க வேண்டிய பள்ளியோ இன்னும் தயங்கியே நிற்கிறது. 2013 சனவரியில் அறிக்கை அளித்த நீதிபதி வர்மா குழுவும் பள்ளிகளில் இக்கல்வியின் தேவையை வலியுறுத்தியது.

2020 பிப்ரவரியில் இப்பாடம் மீண்டும் பெயர் மாறி வந்தது. ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழான 'பள்ளி உடல்நலம் மற்றும் நல்வாழ்வுத் திட்டம்' என்பது புதிய பெயர். பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இதற்கெனப் பயிற்சி பெற வேண்டும். மனநலம், உறவுகள், பாலினச் சமத்துவம், ஊட்டச்சத்து, போதைப்பொருள் தவிர்த்தல், இனப்பெருக்க நலம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு, இணையத்தைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல் என 11 தலைப்புகள். கட்டமைப்பில் இதுவே இதுவரை வந்தவற்றுள் முழுமையானது. ஆனால் அறிவித்த மறு மாதமே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. மூடிய பள்ளிகளின் பிள்ளைகள் கைகளில் அலைபேசி வந்து சேர்ந்தது. பாடம் தயங்கிய இடத்தில் அது தயங்கவில்லை.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டில் சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. குழந்தைகளைக் காட்டும் ஆபாசப் படங்களைப் பார்ப்பதும் வைத்திருப்பதும் பற்றிய வழக்கு அது. பாலியல் கல்வி மேலை நாட்டுச் சரக்கு என்னும் எண்ணம் தவறு என்று சுட்டிய அத்தீர்ப்பு, ஜார்க்கண்டின் உடானையும் எடுத்துக்காட்டியது. 2025 அக்டோபரில் வேறொரு வழக்கில், இக்கல்வி 9ஆம் வகுப்பில் தொடங்குவது காலந்தாழ்ந்தது, இன்னும் இளைய வயதிலேயே தரப்பட வேண்டும் என்று அதே நீதிமன்றம் கூறியது.

7

9ஆம் வகுப்பு காலந்தாழ்ந்தது என்பதை அறிய நமக்கு நீதிமன்றம் வேண்டியதில்லை. நம் ஊர் மண்டபங்களே போதும். ஒரு பெண் பூப்பெய்தியதை ஒலிபெருக்கி கட்டியும் பதாகை வைத்தும் ஊருக்குச் சொல்கிறோம். தாய்மாமன் சீர் வரிசையாக வருகிறது. ஊருக்கெல்லாம் சொல்லப்படும் அச்செய்தி, அது நிகழும் முன் அந்தச் சிறுமிக்கு மட்டும் பல வீடுகளில் சொல்லப்படுவதில்லை. குருதியைக் கண்டு தனக்கு ஏதோ நோய் வந்துவிட்டது என்று அழுத பெண்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. அதன்பின் அவளுக்குக் கிடைக்கும் சொற்களையும் பாருங்கள்: தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு, மாதவிலக்கு. இவற்றுள் ஒன்றேனும் உடலில் நிகழ்வதன் பெயர் அன்று. எல்லாம் அவள் எங்கே நிற்க வேண்டும் என்பதன் பெயர். பாடநூல்களில் இன்று வழங்கும் 'மாதவிடாய்' என்னும் சொல்லில் விடாய் என்பதற்குக் களைப்பு, தாகம் என்பன பொருள். இதுவும் மறைத்த சொல்தான். ஆயினும் விலக்கிவைக்காத சொல். மறைத்துச் சொல்வதிலும் மனிதரை அவமதிப்பது, அணைத்துக்கொள்வது என இரு வகை உண்டு என்பதை இவ்விரு சொற்களும் காட்டுகின்றன.

இது பண்பாட்டுக்கு அயலானது என்போர் எந்தப் பண்பாட்டைக் கருதுகின்றனர் என்பது நமக்கு விளங்கவில்லை. சங்கப் பாடல்களில் மிகுதியானவை அகத்திணைப் பாடல்கள். திருக்குறளின் 133 அதிகாரங்களில் 25 காமத்துப்பாலுக்கு உரியவை. 1730 அளவில் குறளை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அறத்தையும் பொருளையும் மட்டுமே பெயர்த்தார். துறவியாகிய அவருக்கு அதற்கொரு காரணம் இருந்திருக்கும். 1886இல் போப் 1330 குறளையும் ஆங்கிலத்தில் தந்தார். 2016இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளிகளில் குறளை விரிவாகக் கற்பிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி 2017இல் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அறத்துப்பால், பொருட்பால் அதிகாரங்களைப் பகிர்ந்தளிக்க அரசாணை வந்தது. நல்ல ஆணை, நாம் மகிழ்ந்தோம். மூன்றாம் பால் மட்டும் வாசலில் நின்றுவிட்டது.

காமத்துப்பாலைப் பாலியல் பாடமாக நடத்த வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கவிதைக்கு அந்த வேலையைத் தருவது கவிதைக்கும் கேடு, பாடத்துக்கும் கேடு. ஆனால் விருப்பத்தையும் ஊடலையும் பிரிவையும் காத்திருத்தலையும் இத்தனை கண்ணியமாகப் பேசிய மொழியில், மாணவர் ஒருவர் தமக்குப் பிடித்தவரை எப்படி அணுகுவது, மறுப்பை எப்படி ஏற்பது என்பதைப் பேசச் சொற்கள் இல்லை என்று எவரும் கூற முடியாது. பெண்ணின் மறுப்பை ஏற்க மாட்டாமல் வெட்டரிவாளும் அமிலமும் எடுத்த இளைஞர்களைப் பற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், இவர்களும் ஏதோ ஒரு வகுப்பறையில் பன்னிரண்டு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர்கள்தாமே என்று எண்ணிக் கலங்குகிறோம்.

நன்னூலார் சொன்ன தகுதி வழக்கு மூன்று. அரசு தன் திட்டங்களுக்கு மங்கலத்தை எடுத்துக்கொண்டது. ஆசிரியர்களாகிய நாம் இடக்கரடக்கலில் அடக்கலை மட்டும் எடுத்துக்கொண்டோம். எஞ்சிய குழூஉக்குறி மாணவர்களுக்குப் போயிற்று. பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பதுபோல் அவர்களுக்கென ஒரு மறைமொழி இருக்கிறது. அது கழிப்பறைச் சுவரிலும் அலைபேசியிலும் கற்றது. பின்வரிசையில் எழுந்த சிரிப்பு அம்மொழியில் பிறந்ததுதான்.

இவ்வாண்டு அப்பகுதி வந்தபோது நாம் அதட்டவில்லை. ஏன் சிரித்தீர்கள் என்று மெல்லக் கேட்டோம். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி எழுந்து, மறைத்துச் சொல்ல வேண்டும் என்கிறீர்களே, எதை மறைக்கிறோம் என்று முதலில் தெரிந்தால்தானே ஐயா மறைக்க முடியும் என்றார். அவருக்கு விடை சொல்லாமல் மங்கலத்துக்கு நகர்வது அன்று நமக்கு இயலவில்லை. மணியடிக்கும் வரை அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். மங்கலமும் குழூஉக்குறியும் மறுநாளைக்குத் தள்ளிப்போயின.